வடம் பிடிக்கும் இயந்திரம்

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் காலையில் குழாயைத் திறந்து குடத்தை நிரப்பும்பொழுது, அந்நீர் எங்கிருந்து வருகின்றது என்று எண்ணிப் பார்ப்பது அரிது. அதன் பெரும்பகுதி, தாணே நகருக்கு வடக்கிலும் கிழக்கிலும் பரந்து கிடக்கும் மலைகளினின்று வருகின்றது. பாட்சா, தான்சா, மோடக் சாகர், வைதரணா முதலிய நீர்த்தேக்கங்கள் அம்மலைகளின் மடியில் அமைந்துள்ளன. இவற்றுள் தான்சா அணை 1892-ஆம் ஆண்டு முதல் மாநகருக்கு நீர் அளித்து வருகின்றது. அம்மலைச் சரிவுகளிலேயே தேக்கும் கருமருதும் கருங்காலியும் ஓங்கி வளர்கின்றன. கதவுக்கு ஏற்ற மரத்தையும் குடத்துக்கு வேண்டிய நீரையும் ஒரே மலைச்சரிவு தருகின்றது என்பது சிந்தித்தற்குரிய செய்தி.

ஆதலின், அச்சரிவில் வெட்டி வீழ்த்தப்பெற்ற ஒரு மரம் எவ்வாறு சாலைக்குக் கொண்டு வரப்படுகின்றது என்பது காட்டு இலாகாவினரின் கவலை மட்டுமன்று; நகரத்தில் வாழும் நமக்கும் அதில் பங்கு உண்டு. இழுக்கும் முறை பிழைத்தால் மண் அரிக்கப்பட்டு ஏரியில் சேர்கின்றது. இழுக்கும் மனிதனின் கையோ காலோ உயிரோ போகின்றது. இவ்விரு கேடுகளையும் குறைக்கும் ஆற்றல் வாய்ந்த கருவி ஒன்று உண்டு. டிராக்டரின் பின்புறத்தில் பொருத்தப்படும் விஞ்சு என்பதே அது. அதன் அமைப்பையும், அதனால் விளையும் நன்மையையும், அதனைக் கையாளுவோர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கையும் இங்கே ஒருவாறு விளக்குவோம்.

விஞ்சு என்னும் சொல் தமிழருக்குப் புதிதன்று. பழனி மலையில் அடியார்களை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியை மக்கள் 'விஞ்சு' என்றே வழங்குகின்றனர். துறைமுகங்களில் சரக்கு ஏற்றி இறக்குவோர் வாயிலும் இச்சொல் அன்றாடம் பயில்கின்றது. அதன் தத்துவம் எளியது: ஓர் உருளை, அதில் சுற்றப்பெற்ற ஒரு வடம், உருளையைச் சுழற்ற ஒரு விசை. உருளை சுழலச் சுழல வடம் சுருளும். வடத்தின் மறுமுனையில் கட்டிய சுமை நம்மை நோக்கி வரும். கிணற்றின் மேல் உருளை அமைத்து, அதில் கயிற்றைச் சுற்றி வாளியை மேலே ஏற்றும் முறையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இக்கருவி வருவதற்கு முன் மரம் எவ்வாறு காட்டை விட்டு வெளியேறிற்று என்பதை முதலில் நோக்குவோம். மும்பைக்கும் தேக்குக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1736-ஆம் ஆண்டில் சூரத்திலிருந்து லவ்ஜி நுஸர்வான்ஜி வாடியா என்னும் பார்ஸி தச்சர் இங்கு வந்து சேர்ந்தார். அவரும் அவர் வழி வந்தோரும் பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தில் மேற்குக் கரைத் தேக்கினால் பெரும் போர்க் கப்பல்களைக் கட்டினர். 1817-ஆம் ஆண்டில் அங்கே கட்டி முடிக்கப்பெற்ற ஒரு கப்பலுக்கு, ஈழத்துத் திருகோணமலையின் பெயரே இடப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் அக்கப்பல் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்னும் துறைமுக நகரில் மிதந்துகொண்டிருக்கின்றது. தேக்கின் உறுதிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கரையோரக் காடுகளில் பெருமரங்கள் அருகவே, கப்பல் தளத்தினரின் பார்வை தமிழ் நாட்டின் பக்கம் திரும்பிற்று. கோயம்புத்தூர் ஜில்லாவின் தென்கோடியில் உள்ள ஆனைமலைத் தேக்கைப் பம்பாய்க்கு அனுப்பும் பொருட்டு, 1848-ஆம் ஆண்டில் மைக்கேல் என்னும் படை அதிகாரி அக்காட்டுக்கு நியமிக்கப்பட்டார். மலையின் உச்சியிலிருந்து மரங்களைச் சரிவில் சறுக்கி விட்டனர். அவை சறுக்கிச் சென்ற இடமே 'டாப் ஸ்லிப்' என்று பெயர் பெற்று இன்றளவும் வழங்கி வருகின்றது. உச்சி வரையில் மரத்தை இழுத்துக் கொடுத்தது யானை. கீழே சமவெளியில் சுமந்தது மாட்டு வண்டி. இடையில் இவற்றுக்கு முட்டுக் கொடுத்தும் நெம்புகோல் போட்டும் உடன் உழைத்தவன் மனிதன்.

தாணேக் காடுகளில் யானை இல்லை. ஆகவே இங்கே எருதும் எருமையும் மனிதத் தோளுமே மரத்தைச் சுமந்தன. ஜவ்ஹார், மோகாடா, டஹாணு, ஷஹாப்பூர் முதலிய தாலூகாக்களில் வாழும் வார்லி, காத்கரி, கோக்ணா, தாக்கூர் முதலிய பழங்குடி மக்களே இவ்வேலையைச் செய்து வந்தனர். இவ்வூர்களில் ஒரு பகுதி 2014-ஆம் ஆண்டில் தாணே ஜில்லாவினின்று பிரிந்து பால்கர் ஜில்லாவாயிற்று. அக்காலத்தில் நிலக்கிழார்களும் மரக் குத்தகைக்காரர்களும் இம்மக்களிடம் கூலியின்றி வேலை வாங்கும் வழக்கம் இருந்தது. நாம் 'வெட்டி வேலை' என்று கூறுவதை மராத்தியில் 'வேட்' என்பர். பெயரும் ஒத்தது, கொடுமையும் ஒத்தது. 1945-ஆம் ஆண்டில் கோதாவரி பருளேகர், ஷாம்ராவ் பருளேகர் முதலியோர் துணையுடன் வார்லி மக்கள் இதனை எதிர்த்து எழுந்தனர். பின்னர் 1947-ஆம் ஆண்டு முதல், பம்பாய் ராஜ்யத்தில் காட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றலாயின. குத்தகைக்காரரை விலக்கி, மரம் வெட்டி எடுக்கும் வேலையை உழைப்பாளரிடமே ஒப்படைப்பது அவற்றின் நோக்கம். இச்செய்தியை நாம் நினைவில் வைத்துக் கொள்வோமாக. இயந்திரத்தைப் பற்றிப் பேசும்பொழுது, அது யாருடைய கையில் இருக்கும் என்ற வினாவும் உடன் எழும்.

இனி, மரத்தின் பாரத்தை ஒரு கணக்கினால் அறிவோம். நான்கு மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள தேக்குத் துண்டு ஒன்றைக் கொள்வோம். அதன் கன அளவு ஏறக்குறைய அரைக் கன மீட்டர். பச்சை மரமாதலால் அதன் எடை அரை டன்னை ஒட்டியிருக்கும். அதனைச் சமதளத்தில் தரையோடு தரையாக இழுப்பதற்கே அதன் எடையில் பாதிக்கும் சற்று மேற்பட்ட விசை வேண்டும். மூன்று அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் மேல்நோக்கி இழுப்பதாயின், அவ்விசை 400 கிலோவைத் தாண்டும். ஓர் எருது நெடுநேரம் களைப்பின்றி இழுக்கக்கூடிய விசையோ அதன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. சிறிது நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது பன்மடங்கு இழுக்கும். ஆனால் அவ்வாறு நாள் முழுதும் இழுக்க இயலாது. மாடு தவிக்கும், குளம்பு வழுக்கும், சாட்டை ஓங்கும். மலைக்காட்டு வேலையில் மாடும் மனிதனும் படும் பாட்டுக்குக் காரணம் இந்தக் கணக்கே.

மாட்டுக்குப் பதிலாக டிராக்டரைக் கட்டி இழுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். ஊர்ப்புறங்களில் இது நடைபெறவும் செய்கின்றது. வயலில் வெட்டிய தென்னையையோ, வேரோடு சாய்ந்த புளியையோ சங்கிலியால் பிணைத்து, டிராக்டரின் பின்புறத்தில் கைக்கு எட்டிய இடத்தில் மாட்டி வண்டியை ஓட்டுவர். இதில் மறைந்திருக்கும் ஆபத்தை நம்மில் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

டிராக்டரின் பின் சக்கரங்கள் பெரியவை. அவற்றின் அச்சில்தான் எஞ்சினின் முழு விசையும் சென்று சேர்கின்றது. சுமை நகர மறுத்து, சக்கரமும் வழுக்காமல் மண்ணைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டால், அவ்விசை எங்கே செல்லும்? சக்கரம் சுழல இயலாதபோது, வண்டியின் உடலே அச்சைச் சுற்றி மேலே எழ முயலும். முன் சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பும். சங்கிலி அச்சுக்கு மேலே கட்டப்பட்டிருந்தால், அது பின்னோக்கி இழுத்து இவ்வெழுச்சிக்கு மேலும் துணை செய்யும். முன்பாகம் கிளம்பியதிலிருந்து, இனி மீட்க முடியாது என்ற நிலையை எட்டுவதற்கு ஒரு விநாடிகூட ஆவதில்லை. ஓட்டுபவர் நிலைமையை உணர்ந்து கிளட்ச்சை மிதிப்பதற்குள் வண்டி மல்லாந்து அவர் மேலேயே விழுந்துவிடும். ஆகவே, டிராக்டரைக் கொண்டு எதை இழுத்தாலும், அச்சுக்குக் கீழே அதற்கென்றே அமைந்துள்ள கொக்கியிலன்றி வேறெங்கும் கட்டலாகாது. 'டாப் லிங்க்' மாட்டும் இடத்திலோ, இருக்கையின் அடியிலோ, அச்சின் மேலோ கட்டுவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

விஞ்சு இந்த இடரை வேறொரு வழியால் தவிர்க்கின்றது. டிராக்டர் நிற்கின்றது, வடம் மட்டுமே நகர்கின்றது. விஞ்சினை டிராக்டரின் பின்புறத்தில், கலப்பையை மாட்டும் மூன்று முனைகளிலேயே மாட்டுவர். அதனடியில் அகன்ற எஃகுத் தகடு ஒன்று உண்டு. வேலை தொடங்குமுன் அத்தகட்டைக் கீழே இறக்கி மண்ணில் பதியச் செய்வர். சுமையின் இழுப்பு வடத்தின் வழியே வந்து, தகட்டின் வழியே மண்ணுக்குச் சென்றுவிடும். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எப்படியோ, விஞ்சுக்கு இத்தகடு அப்படி.

உருளையைச் சுழற்றும் விசை டிராக்டரிலிருந்தே கிடைக்கின்றது. டிராக்டரின் பின்புறத்தில், ஓட்டுநர்கள் 'பி.டி.ஓ.' என்று குறிப்பிடும் சுழல் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டுவதும் இதுவே. நிமிஷத்துக்கு 540 சுற்று என்பது இதன் வழக்கமான வேகம். இத்தண்டு விஞ்சின் பல்சக்கரங்களைச் சுழற்ற, அவை வேகத்தைக் குறைத்து வலிமையைப் பெருக்கி உருளைக்கு அளிக்கின்றன. உருளைக்கு ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் உண்டு. கயிற்றை இழுத்தால் கிளட்ச்சுப் பிடித்து உருளை சுற்றும். விட்டால் உடனே நிற்கும். இழுப்பவன் கை தளர்ந்தால் இயந்திரமும் ஓய்ந்துவிட வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நோக்கம். நம் நாட்டு உழவர் வைத்திருக்கும் 35 முதல் 50 குதிரைச் சக்தி வரையுள்ள டிராக்டருக்கு, மூன்று முதல் ஐந்து டன் வரை இழுக்கும் விஞ்சு பொருந்தும். நார்வே, பின்லாந்து, ஆஸ்திரியா, சுலோவேனியா முதலிய நாடுகளில், சொந்தத்தில் சிறு காடு வைத்திருக்கும் குடியானவர்கள் இக்கருவியைப் பெரிதும் கையாளுகின்றனர். நம் நாட்டில் இது இன்னும் பரவலாகவில்லை.

வேலை நடைபெறும் வகை இது. டிராக்டரைக் காட்டுப் பாதையிலேயே, உறுதியான இடத்தில், இழுக்கப்போகும் திசைக்கு நேராகப் பின்புறம் இருக்கும்படி நிறுத்துவர். ஒருவர் வடத்தின் நுனியைப் பற்றிக்கொண்டு, வீழ்ந்த மரம் கிடக்கும் இடத்துக்குச் செல்வர். அங்கே துண்டின் நுனியில் சுருக்குச் சங்கிலியை மாட்டி, அதை வடத்தின் கொக்கியில் இணைப்பர். பின்னர் அவர் அப்பால் விலகிப் பாதுகாப்பான இடத்தில் நின்று கை காட்டிய பிறகே விஞ்சு இயங்கும். மரம் தகட்டருகே வந்து சேர்ந்ததும், அதன் தலையைச் சற்றே தூக்கிப் பிணைத்துக்கொண்டு டிராக்டர் பாதை வழியே புறப்படும். தலை தூக்கியிருப்பதால் அது மண்ணைக் குத்திக்கொண்டு வருவதில்லை.

நேர் வழியில் பாறையோ, வெட்டாமல் விடவேண்டிய இளமரமோ குறுக்கிட்டால், ஒரு கப்பியைத் தடித்த மரமொன்றில் கட்டி வடத்தின் திசையைத் திருப்பலாம். கிணற்றடியில் கப்பியைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். ஆயினும் ஒரு கணக்கை மறத்தலாகாது. மூன்று டன் விசையோடு செல்லும் வடம் கப்பியில் சுற்றி வந்த வழியே திரும்புமானால், கப்பியைத் தாங்கும் மரத்தின் மேல் ஆறு டன் இழுப்பு விழும். செங்கோணமாகத் திரும்பினால் நாலேகால் டன் விழும். அதைத் தாங்காத மரமோ பட்டையோ சங்கிலியோ தெறித்துவிடும். அன்றியும், கப்பியில் மடங்கிய வடத்தின் உட்புற மூலையில் நிற்பவர் அம்பு பூட்டிய வில்லின் முன் நிற்பவருக்கு ஒப்பாவர். கப்பி அறுந்தால் வடம் அந்தத் திசையிலேதான் பாயும்.

இங்கே வடத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பத்து மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கம்பி வடம், புதியதாயின், ஏறக்குறைய ஆறு டன் இழுப்பில் அறும். விஞ்சின் முழு இழுப்பைப் போல் குறைந்தது இரு மடங்கு வலிமை வடத்துக்கு இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆகவே, அவ்வடம் மூன்று டன் விஞ்சுக்கே உரியது. அதற்கு மேற்பட்டதற்கு ஆகாது. மேலும், உருளையில் வடம் அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற அதன் சுற்றளவு பெருகி, இழுக்கும் வலிமை குறைந்துகொண்டே வரும். முதல் அடுக்கில்தான் இழுப்பு உச்சத்தில் இருக்கும். மரம் நெடுந்தொலைவில் இருக்கும்பொழுது வடம் பெரிதும் வெளியே போயிருக்கும். அப்பொழுதுதான் விஞ்சின் வலிமையும் மிகுதி. வடத்துக்கு நேரும் சோதனையும் மிகுதி.

எஃகு வடத்தில் கம்பிகள் அறுந்து முள்போல் துருத்திக்கொண்டிருந்தாலும், முடிச்சு விழுந்து நெளிந்திருந்தாலும், நசுங்கித் தட்டையாகியிருந்தாலும், துரு உள்ளே ஏறியிருந்தாலும் அதைக் கழித்துவிடல் வேண்டும். 'இன்னும் ஒரு நாள் தாங்கும்' என்பது வடத்தின் விஷயத்தில் ஆகாத பேச்சு. இக்காலத்தில் உயர்ந்த வகைச் செயற்கை நாரினால் திரித்த வடமும் கிடைக்கின்றது. 50 மீட்டர் எஃகு வடம் 20 கிலோ எடை இருக்க, அதே கனமுள்ள நார் வடம் மூன்று கிலோவை ஒட்டியே இருக்கும். அதை மலைச்சரிவில் சுமந்து செல்வது எளிது. அது அறுந்தாலும் எஃகைப் போல் அத்துணை வேகமாகப் பாய்வதில்லை. ஆனால் கூரிய பாறையில் உராய்ந்தால் விரைவில் கெடும். சூடும் அதற்கு ஆகாது.

இனி, ஆட்கள் நிற்க வேண்டிய இடத்தைப் பற்றி. இதுவே இக்கட்டுரையின் உயிர்நாடி. விஞ்சினால் நேரும் விபத்துகளை ஆராய்ந்தால், ஆள் நிற்கத் தகாத இடத்தில் நின்றது மீண்டும் மீண்டும் காரணமாக வரும். ஆகவே நான்கு இடங்களை விலக்குதல் வேண்டும். முதலாவது, விறைத்து நிற்கும் வடத்தின் அருகும் அதன் நேர்க்கோடும். இரண்டாவது, கப்பியில் மடங்கிய வடத்தின் உள்மூலை. மூன்றாவது, சரிவில் மரத்துக்குக் கீழ்ப்புறம். மேலே வரும் மரம் சங்கிலி நழுவினால் வந்த வழியே உருண்டோடும். கீழே நிற்பவர் தப்புவது அரிது. நான்காவது, டிராக்டருக்கும் மரத்துக்கும் இடையே உள்ள இடம். மரத்தின் மேலேறி நிற்பதும், ஓடும் வடத்தைக் கையால் உருளைக்கு நேரே திருத்துவதும் இவற்றோடு ஒக்கும். மரம் ஒரு வேரடியில் முட்டிக்கொண்டு நின்றால், விஞ்சை ஓய்த்து, வடத்தைத் தளர்த்தி, அதன் பின்பே அருகில் சென்று சங்கிலியை மாற்றிக் கட்ட வேண்டும். விறைத்த வடத்தைத் தாண்டிச் செல்பவர் அதற்கு அடங்கியிருக்கும் விசையை எண்ணிப் பார்ப்பதில்லை.

இழுக்கும்பொழுது டிராக்டரின் முன் சக்கரம் எழுந்தாலோ, வண்டி பக்கவாட்டில் நகர்ந்தாலோ உடனே கயிற்றை விட்டுவிடல் வேண்டும். வடம் டிராக்டரின் பின்புறத்துக்கு நேராக இல்லாமல் கோணலாகச் சென்றால் வண்டி பக்கவாட்டில் கவிழும். விஞ்சுக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் இடையே கம்பி வலைத் தடுப்பு இருத்தல் இன்றியமையாதது. வடத்தைத் தொடுபவர் தோல் கையுறை அணிதல் வேண்டும்.

இவ்வேலையில் ஈடுபடுவோர் இருவரோ மூவரோ ஆயினும், கட்டளை கொடுப்பவர் ஒருவராகவே இருத்தல் நன்று. தாணேப் பகுதியில் ஒரு கூட்டத்தில் வார்லி பேசுபவரும் மராத்தி பேசுபவரும் இந்தி பேசுபவரும் கலந்திருக்கலாம். நம் தமிழரும் இருக்கலாம். எஞ்சினின் இரைச்சலில் எம்மொழியும் காதில் விழாது. ஆகவே 'இழு', 'நில்', 'தளர்த்து' என்னும் மூன்றுக்கும் மூன்று கைச்சைகைகளை வேலை தொடங்குமுன் எல்லோரும் பேசி ஒப்புக்கொள்ளல் வேண்டும். 'நில்' என்னும் சைகையை மட்டும் யார் காட்டினாலும் விஞ்சு நின்றுவிட வேண்டும். நம் ஊர்த் தேரோட்டத்தில் ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், முட்டுக்கட்டை போடுபவரின் குறிப்புக்குக் கட்டுப்பட்டன்றோ தேர் நகர்கின்றது!

மண்ணுக்கு விளையும் நன்மையையும் நோக்குவோம். மரத்தைத் தேடி டிராக்டர் சரிவு முழுதும் ஏறி இறங்கினால், சக்கரத் தடங்கள் மண்ணை இறுக்கிப் பள்ளம் ஆக்கும். அடுத்து வரும் மழையில் அப்பள்ளங்களே ஓடைகளாகும். தாணே மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழை மிகக் கடுமையானது. இறுகிய தடத்தில் ஓடும் நீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஏரியை அடையும். ஏரி தூர்ந்தால் தண்ணீர் கொள்ளும் அளவு குறையும். விஞ்சு வைத்திருப்பவர் டிராக்டரைப் பாதையை விட்டு இறக்குவதில்லை. வடம் மட்டுமே காட்டினுள் செல்கின்றது. ஒரே பாதையினின்று இருபுறமும் ஐம்பது அறுபது மீட்டர் வரையில் கிடக்கும் மரங்களை இழுத்துக்கொள்ளலாம். ஆயினும், இழுத்த சுவடு ஒரே கோட்டில் மேலிருந்து கீழாக விழுந்திருந்தால், மழைக்கு முன் அதில் தழையும் சிறு கிளைகளும் பரப்பி, இடையிடையே குறுக்கே கட்டைகளைப் போட்டு நீரைத் திருப்பிவிடல் வேண்டும். ஈர மண்ணில் இழுப்பது கூடாது. மழை தொடங்குமுன் வேலையை முடித்தல் வேண்டும்.

இத்தகைய கருவி கைக்கு வந்ததும், எங்கும் மரத்தை வெட்டலாம் என்று யாரும் கருதிவிடலாகாது. நீலகிரி ஜில்லாக் கூடலூர்க் காடுகளைக் குறித்து எழுந்த கோதவர்மன் வழக்கில், 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆணை நாடெங்கும் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்திற்று. மத்திய அரசாங்கம் ஒப்புக்கொண்ட திட்டப்படியன்றிக் காட்டில் மரம் வெட்டுதல் இயலாது. தாணே நகரை ஒட்டிய ஏவூர் மலை, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. மரம் வெட்டும் காடு அதுவன்று. தனியார் நிலத்துத் தேக்கை வெட்டுவதற்கும் மகாராஷ்டிரத்தில் 1964-ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும். பழங்குடியினர் தம் நிலத்து மரங்களை விற்கும்பொழுது ஏமாற்றப்படாமல் காக்க 1969-ஆம் ஆண்டில் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. மரத்தைச் சாலையில் கொண்டு செல்ல அனுமதிச் சீட்டும் தேவை. முறைப்படி வெட்டிய மரத்தைக் கேடின்றிக் கொண்டு வருவதே விஞ்சின் பணி.

முன்னர்க் குறிப்பிட்ட வினாவுக்கு இப்பொழுது வருவோம். பத்துப் பேர் தோள் கொடுத்த வேலையை மூவர் செய்துவிட்டால், எஞ்சிய எழுவரின் கூலி என்னாகும்? இது நியாயமான கேள்வி. இயந்திரம் குத்தகைக்காரருடையதாயின், மிச்சப்படும் கூலி அவர் பையிலேயே சேரும். அதுவே தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உடைமையாயின், மிச்சம் சங்கத்தாரிடமே தங்கும். தோள் சுமையினின்று விடுபட்டவர்கள் மரம் நடுதல், கன்று காத்தல், பாதை திருத்தல் முதலிய வேலைகளுக்கு வருதல் கூடும். ஒடிந்த முதுகோடு நாற்பது வயதில் ஓய்ந்து போகும் உழைப்பாளியின் வாழ்க்கை சற்றே நீளும் என்பதையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். கருவியின் நன்மை அதனை உடையவர் யார் என்பதைப் பொறுத்தது.

நகரத்தில் வாழும் நமக்கு இவ்வளவும் எதற்கு என்று கேட்போர்க்கு இரண்டு செய்திகளைக் கூறி முடிப்போம். நம்மில் பலருக்குத் திருநெல்வேலியிலோ தஞ்சையிலோ சேலத்திலோ சிறிது நிலம் இருக்கின்றது. வேலிக்காலில் நட்ட தேக்கு அங்கே முற்றிக்கொண்டிருக்கும். அதை வெட்டும் நாளில் நாம் மும்பையில் இருப்போம். வேலை செய்பவர் ஊரார். மரத்தின் விலையைப் பற்றித் தொலைபேசியில் விசாரிக்கும் நாம், அதை எவ்வாறு இழுக்கப் போகின்றார்கள் என்பதையும் விசாரித்தல் வேண்டும். டிராக்டரில் சங்கிலியை எங்கே மாட்டுவார்கள், பழைய கிணற்றுக் கயிற்றை வைத்துச் சமாளிக்கிறார்களா, பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடுவார்களா என்று கேட்பது, மர உரிமையாளரின் கடமை.

மற்றொன்று, நம் தெருவைச் சேர்ந்தது. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'தவ்க்தே' புயல் வீசியபொழுது மும்பையில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஏதேனும் ஒரு தெருவில் மரம் விழுகின்றது. ஆட்கள் வந்து கயிறு கட்டி இழுக்கின்றனர். அவ்வேளையில் குடை பிடித்துக்கொண்டு கூட்டமாக நின்று பார்ப்பது நம் வழக்கமாகிவிட்டது. விறைத்த வடம் மலைக்காட்டில் எப்படியோ, மாதுங்காத் தெருவிலும் அப்படியே. அதன் அருகிலும் நேர்க்கோட்டிலும் நிற்றலாகாது. குழந்தைகளை நிற்க விடுதலும் ஆகாது. வடத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தொலைவுக்கு அப்பால் விலகி நிற்பதே தக்கது. மரத்தை இழுப்போர் தம் வேலையை அமைதியாகச் செய்து முடிக்கவும் அதுவே உதவியாகும்.